சிறு வழக்கும் தொழிலாளர் குடும்பமும்: கோலார் தங்கவயலை முன்வைத்து ஓர் ஆய்வு

சட்ட அறிவும் ஒரு சமுதாயத்தின் வளங்களுள் ஒன்றாகும். அவ்வளம் எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே அளவில் கிட்டுவதில்லை என்பதைப் பெரிய வழக்குகளைக் காட்டிலும் சிறிய வழக்குகளே நன்கு புலப்படுத்துகின்றன. கொலை, கொள்ளை போன்ற கடுங்குற்றச்சாட்டு எழுமானால், எத்துணை ஏழைக் குடும்பமும் நகையை அடகு வைத்தேனும் வழக்கறிஞர் ஒருவரை நாடிச் செல்கிறது. ஆனால் தெருவில் கூச்சலிட்டான், மது அருந்தித் தகராறு செய்தான், திருவிழாக் கூட்டத்தில் கைகலப்பில் ஈடுபட்டான் என்று வீட்டுப் பிள்ளை மீது வழக்குப் பதிவானால், "அபராதத்தைக் கட்டிவிட்டு வந்துவிடலாம்" என்பதே பெரும்பாலோரின் முடிவாக உள்ளது. அந்த முடிவின் முழு விலை என்ன என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பவர் மிகச் சிலரே.

கர்நாடக மாநிலத்தின் கோலார் தங்கவயல் இக்கேள்வியை ஆராய்வதற்கு ஏற்ற இடமாகும். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கு வேரூன்றியது முதல் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் திரளாக வந்து குடியேறினர். அவர்களில் பெரும்பாலோர் ஆதிதிராவிட மக்கள். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது. 1962-இல் அவை மத்திய அரசிடம் வந்தன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. மூடப்பட்ட பின்னர் ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, மாரிக்குப்பம் ஆகிய பகுதிகளின் இளைஞர்கள் பலர் நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று உழைத்துத் திரும்புகின்றனர். காவலாளி, ஓட்டுநர், கிடங்குப் பணியாளர், தொழிற்சாலை ஒப்பந்தப் பணியாளர் எனப் பல வேலைகளில் சேருமுன் காவல்துறையின் நன்னடத்தைச் சான்று கோரப்படுகிறது. சிறு வழக்கு ஒன்று குடும்பத்தின் வருமானத்தைத் தொடுவது இவ்விடத்திலேதான்.

காவல் என்னும் சொல்லுக்குத் தங்கவயலில் நீண்ட நினைவும் உண்டு. கம்பெனிக் காலத்தில் கண்காணிப்பின் முதல் நோக்கம் தங்கத் திருட்டைத் தடுப்பதாகவே இருந்தது. தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யும் ஏற்பாட்டை எதிர்த்து 1930-இல் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. கோலார் மாவட்டத்துக்குள்ளேயே தங்கவயலுக்கெனத் தனிக் காவல் கண்காணிப்பாளர் இருப்பதும் அந்த வரலாற்றின் எச்சமே. காவல் நிலையத்தின் படியேறினாலே மானம் போயிற்று என்று கருதும் முதியோரை இன்றும் இங்குக் காணலாம். அந்த அச்சமே பல வீடுகளில் வழக்கை அவசரமாக முடித்துக்கொள்ளத் தூண்டுகிறது.

குற்றத்தின் பெயர்

இங்கிலாந்திலும் அமெரிக்க மாநிலங்களிலும் "ஒழுங்கீன நடத்தை" என்ற பொருள்படும் குற்றம் சட்டத்திலேயே அப்பெயரால் குறிக்கப்படுகிறது. இங்கிலாந்தில் 1986-ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு அவ்வகையைச் சார்ந்தது. பிறரை இழிவுபடுத்தும் சொற்களும் அதில் குற்றமாக அடங்கியிருந்தன. பேச்சுரிமையைக் கருதி 2014 முதல் "இழிவுபடுத்தும்" என்ற சொல் அப்பிரிவிலிருந்து நீக்கப்பட்டது. இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரே பெயர் கொண்ட ஒரு குற்றம் இல்லை. பல சிறு பிரிவுகள் சேர்ந்து அந்த இடத்தை நிரப்புகின்றன. ஆகவே குடும்பத்தார் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "என்ன கேஸ்?" என்பது மட்டுமன்று, "எந்தச் சட்டம், எந்தப் பிரிவு?" என்பதாகும்.

2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதீய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. அதன் 194-ஆம் பிரிவு பொது இடத்தில் நிகழும் கைகலப்பைப் பற்றியது. ஒரு மாதம் வரை சிறை, அல்லது ரூ. 1,000 வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். 296-ஆம் பிரிவு பொது இடத்தில் ஆபாசச் செயல், ஆபாசச் சொல் ஆகியவற்றுக்கு மூன்று மாதம் வரை சிறையோ, ரூ. 1,000 வரை அபராதமோ, இரண்டுமோ வகுக்கிறது. அமைதி குலையும்படி ஒருவரை வேண்டுமென்றே இழிவுபடுத்துதல் 352-ஆம் பிரிவில் அடங்கும். இதற்கு ஈராண்டு வரை சிறை உண்டு. போதையில் பொது இடத்தில் தொல்லை தருதல் 355-ஆம் பிரிவாகும். பழைய சட்டத்தில் இதற்கு 24 மணி நேர வெறுங்காவலும் பத்து ரூபாய் அபராதமுமே உச்சவரம்பு. புதிய சட்டம் அபராதத்தை ரூ. 1,000 ஆக உயர்த்தியதோடு, ஊதியமற்ற சமூக சேவையையும் ஒரு தண்டனையாகச் சேர்த்துள்ளது. இவற்றோடு 1963-ஆம் ஆண்டின் கர்நாடகக் காவல் சட்டம் 92-ஆம் பிரிவில் தெருக் குற்றங்கள் பலவற்றை வரிசைப்படுத்துகிறது. ரயிலில் நடந்த தகராறாயின் 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தின் 145-ஆம் பிரிவு வந்து சேரும். போதையிலிருப்பவரையோ ஆபாசமாகப் பேசுபவரையோ வண்டியிலிருந்து இறக்கிவிடவும், பயணச்சீட்டைப் பறிமுதல் செய்யவும் அது இடமளிக்கிறது. மாரிக்குப்பத்திலிருந்து நாள்தோறும் செல்லும் பயணிக்கு மாதச் சீட்டே பறிபோவது சிறிய இழப்பன்று.

இப்பிரிவுகள் ஒவ்வொன்றுக்கும் உரிய உட்கூறுகள் உண்டு. அவற்றுள் ஒன்று குறைந்தாலும் குற்றம் நிலைக்காது. கைகலப்பை எடுத்துக்கொள்வோம். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டோர் இருத்தல், அவர்கள் ஒருவரோடொருவர் சண்டையிடுதல், அச்சண்டை பொது இடத்தில் நிகழ்தல், பொது அமைதி உண்மையில் குலைதல் ஆகிய நான்கும் வேண்டும். ஒருவர் அடிக்க மற்றவர் அடிவாங்கி நின்றால் அது தாக்குதலேயன்றிக் கைகலப்பாகாது. வாய்ச்சண்டை மட்டும் நடந்திருந்தாலும் அப்படியே. போதைக் குற்றத்துக்கும் மது அருந்தியிருத்தல் மட்டும் போதாது. பொது இடத்தில், பிறருக்குத் தொல்லை தரும் நடத்தையும் வேண்டும். நடைமேடை இருக்கையில் சத்தமின்றித் தூங்கிப்போனவர் இப்பிரிவுக்குள் வருவது அரிது. போதையை மெய்ப்பிக்க வாயின் நெடியும் தள்ளாட்டமும் மட்டும் போதுமானவையல்ல என்று 1971-இலேயே உச்ச நீதிமன்றம் ஒரு வாகன வழக்கில் கூறியுள்ளது. வசைச்சொல்லைப் பொறுத்தவரை, வெறும் திட்டுச்சொற்கள் ஆபாசம் ஆகிவிடா என்பது 2022-இல் அந்நீதிமன்றம் தெளிவாக்கிய கருத்தாகும். சுரங்க லைன் வீடுகளின் அன்றாடப் பேச்சுமொழியை அறிந்தோர் இத்தீர்ப்பின் பயனை எளிதில் உணர்வர்.

சிறு வழக்கு பெரிதாகும் இடம் வேறொன்று உண்டு. பிடிக்க வந்த காவலரின் கையைத் தட்டிவிடுவதும், சட்டையைப் பற்றுவதும், பணியில் உள்ள அரசு ஊழியரைத் தடுத்துத் தாக்கியதாக 132-ஆம் பிரிவின்கீழ் வழக்காகலாம். அது ஈராண்டுச் சிறைக்குரியது. பிணையில் விடுவது உரிமையாகாத குற்றம். ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் ஒன்றுசேர்ந்து வன்முறையில் இறங்கினால் கைகலப்பு கலகமாகிவிடும். மகனை மீட்க உறவினர் பத்துப் பேராகக் காவல் நிலையத்துக்கு ஓடுவது பாசத்தின் செயலே. ஆயினும் இருவர் மட்டும் அமைதியாகச் செல்வதே அறிவுடைமையாகும்.

காவல் நிலையத்தில்

மேலே கூறிய சிறு பிரிவுகளில் 194, 296, 352, 355 ஆகிய நான்கும் பிணையில் விடத்தக்கவை. இவற்றில் பிணை என்பது அதிகாரியின் கருணையன்று, கைதானவரின் உரிமை. பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 478-ஆம் பிரிவின்படி காவல் நிலைய அதிகாரியே பிணையில் விடலாம். நீதிமன்றம் செல்ல வேண்டியதில்லை. ஜாமீன்தாரர் கிடைக்காத ஏழையைச் சொந்தப் பத்திரத்தின் பேரில் விடவும் அதே பிரிவு கூறுகிறது. ஒரு வாரத்துக்குள் ஜாமீன் தர இயலாதவரை வசதியற்றவராகவே கொள்ள வேண்டும் என்பது அதன் விளக்கம். மேலும் 352, 355 ஆகியவற்றில் நீதிபதியின் ஆணையின்றிக் காவல்துறை புலனாய்வு தொடங்கவோ பிடியாணையின்றிக் கைது செய்யவோ இயலாது. 194, 296 ஆகியவற்றில் அவ்வதிகாரம் உண்டு. அப்போதும் கைது கட்டாயமன்று. 35-ஆம் பிரிவின்கீழ் அறிவிப்பு அனுப்பி அழைத்தாலே போதும். மூன்றாண்டுக்குக் குறைந்த தண்டனையுள்ள குற்றத்தில் அறுபது வயதைக் கடந்தவரையோ உடல் நலிந்தவரையோ கைது செய்ய வேண்டுமானால் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி தேவை. சுரங்கத் தூசியால் நுரையீரல் நலிந்த ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் வாழும் ஊரில் இவ்விதி பெரிதும் பயன்படக்கூடியது.

கைது நிகழுமாயின் கைதுக் குறிப்பு எழுதப்பட வேண்டும். குடும்பத்தாரோ அவ்வட்டாரத்து மதிப்புள்ளவர் ஒருவரோ அதில் சாட்சியாகக் கையொப்பமிட வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ செய்தி தெரிவித்தல், மருத்துவப் பரிசோதனை, வழக்கறிஞரைச் சந்தித்தல், 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்துதல் ஆகியவை தொடரும். 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்த நெறிகள் பின்னர் சட்டமாகவே மாறின. பதினெட்டு வயது நிரம்பாத சிறுவராயின் 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் முன்னிற்கும். அவரைக் காவல் நிலைய அறையில் அடைக்கக் கூடாது. பள்ளிச் சான்றிதழைக் குடும்பத்தார் தாமதமின்றிக் கொண்டுசெல்ல வேண்டும்.

வழக்கே இல்லாமலும் காவல் நிலைய அழைப்பு வருவதுண்டு. திருவிழா அல்லது தேர்தல் நெருங்கும்போது, பழைய தகராறு ஒன்றை முன்னிட்டு அமைதி காப்பதற்கான பத்திரம் எழுதித் தருமாறு 126-ஆம் பிரிவின்கீழ் நிர்வாக நடுவர் அழைக்கலாம். இது தண்டனையன்று. ஆயினும் வெற்றுத்தாளில் கையொப்பமிட்டுவிட்டு வருவது தவறு. என்ன தகவலின் பேரில், எவ்வளவு தொகைக்கு, எவ்வளவு காலத்துக்கு என்பவற்றைக் குறிப்பிடும் எழுத்து ஆணையைக் கேட்டுப் பெற வேண்டும். காலம் ஓராண்டுக்கு மேற்படலாகாது.

மொழி

தங்கவயலின் வீட்டுமொழி பெரும்பாலும் தமிழ். காவல் நிலைய ஆவணங்கள் கன்னடத்தில் இருப்பவை. இங்குப் பிறந்து வளர்ந்தோர் பலர் கன்னடம் பேசுவர். சட்டக் கன்னடத்தைப் படித்துப் புரிந்துகொள்வது வேறு திறன். புரியாத தாளில் இடும் கையொப்பமே பிற்காலத் துன்பங்கள் பலவற்றின் தொடக்கமாகும். சட்டம் இதனைக் கவனியாமல் விடவில்லை. தடுப்புக் காவலுக்கான காரணங்கள் கைதானவர் அறிந்த மொழியில் தரப்பட வேண்டும் என்று 1962-இலேயே உச்ச நீதிமன்றம் ஹரிகிசன் வழக்கில் கூறியது. கைதுக்கான காரணங்கள் எழுத்து வடிவில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தரப்பட வேண்டும் என்பதை 2025-இல் அது எல்லாக் குற்றங்களுக்கும் விரித்துரைத்தது. விசாரணையின்போது குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் அளிக்கப்படுமானால், திறந்த நீதிமன்றத்திலேயே அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லப்பட வேண்டும் என்பது சன்ஹிதாவின் 314-ஆம் பிரிவு. கேட்டால் கிடைக்கும் உரிமை இது, கேட்பவர் குறைவு.

அபராதம் கட்டுவதன் பொருள்

எடுத்துக்காட்டாக, பெங்களூரில் கிடங்கு ஒன்றில் பணிபுரியும் இருபத்துமூன்று வயது இளைஞன் ஒருவனைக் கொள்வோம். ராபர்ட்சன்பேட்டைக் கடைவீதியில் இருசக்கர வாகனம் உரசியதால் எழுந்த வாக்குவாதம் தள்ளுமுள்ளாகிறது. 194-ஆம் பிரிவில் வழக்கு. சம்மன் வருகிறது. நீதிபதி குற்றச்சாட்டின் சாரத்தைச் சொல்லி, ஒப்புக்கொள்கிறாரா என்று கேட்பார். இங்குக் குடும்பம் ஒரு கணக்குப் போடுகிறது. ஒப்புக்கொண்டால் அபராதமும் ஒரு நாள் கூலியும் போகும். மறுத்தால் வாய்தாவுக்கு வாய்தா ஒரு நாள் கூலி போகும். வழக்கறிஞர் கட்டணம் வேறு. எனவே ஒப்புக்கொள்வதே மலிவு. கண்ணுக்குத் தெரியும் செலவை மட்டும் எடுத்துக்கொண்டால் இக்கணக்கில் பிழையில்லை.

கணக்கில் வராத செலவு ஒன்று உண்டு. நீதிமன்றத்தில் அபராதம் கட்டுவது வாகனம் நிறுத்தக் கட்டணம் செலுத்துவது போன்றதன்று. அது குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றதாகும். அஞ்சல் வழியே தொகையை அனுப்பி முடிக்கும் சில சிறு வழக்குகளுக்கும் இதுவே பொருந்தும். ஒப்புக்கொண்டவர் பின்னர் தண்டனையின் அளவையோ அதன் சட்டப்பொருத்தத்தையோ பற்றித்தான் மேல்முறையீட்டில் பேச இயலும். நான் செய்யவில்லை என்று கூற வழி அடைபட்டுவிடும். மத்திய அரசுப் பணிக்கான உறுதிமொழிப் படிவம் கைது செய்யப்பட்டதுண்டா, வழக்குத் தொடரப்பட்டதுண்டா, பத்திரம் எழுதி வாங்கப்பட்டதுண்டா, நீதிமன்றம் அபராதம் விதித்ததுண்டா என்று தனித்தனியே கேட்கிறது. "சும்மா ஃபைன் கட்டினேன்" என்று எண்ணி "இல்லை" என எழுதிய இளைஞர், தகவலை மறைத்த குற்றத்துக்கும் ஆளாகிறார். 2016 ஜூலையில் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், இளம் வயதில் முழக்கமிட்டமை போன்ற அற்பக் குற்றங்களை மறைத்திருந்தால் வேலை தருவோர் அதனைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று கூறியது. "பொறுத்துக்கொள்ளலாம்" என்பதே சொல். அது அவர்களின் விருப்புரிமை. உள்ளதை உள்ளபடி எழுதுவதே பாதுகாப்பு.

அபராதத்துக்கும் நெடிய விசாரணைக்கும் இடையே வேறு வழிகள் உள்ளன. அவற்றைப் பற்றிக் குடும்பங்களுக்கு எவரும் சொல்வதில்லை என்பதே குறை. முதலாவது, சமரசம். இழிவுபடுத்தியதாகக் கூறும் 352-ஆம் பிரிவையும், சிறு காயம் பற்றிய 115-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவையும் பாதிக்கப்பட்டவர் சமரசம் செய்துகொள்ளலாம். மக்கள் நீதிமன்றத்திலும் முடிக்கலாம். சமரசம் ஆனால் சட்டத்தின் கண்ணில் அது விடுதலையாகும். ஆனால் கைகலப்பு சமரசத்துக்குரியதன்று. அதில் பாதிக்கப்பட்டது பொது அமைதி என்பது சட்டத்தின் கருத்து. ஆகையால் ஒரே தகராறில் எந்தப் பிரிவு எழுதப்படுகிறது என்பது விளைவையே மாற்றிவிடுகிறது.

இரண்டாவது, 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம். முன் தண்டனை இல்லாதவர், ஈராண்டுக்கு மேற்படாத சிறைக்குரிய குற்றத்தைச் செய்திருந்தால், அவரைக் கண்டித்து விடுவிக்க நீதிபதிக்கு 3-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது; 4-ஆம் பிரிவில் நன்னடத்தைப் பத்திரத்தின் பேரில் விடலாம். இவ்வாறு விடப்பட்டவருக்குத் தண்டனையால் நேரும் தகுதியிழப்பு இல்லை என்று 12-ஆம் பிரிவு கூறுகிறது. குற்றத்தை ஒப்புக்கொள்வதே என்று முடிவு செய்த குடும்பமும், அபராதத்துக்குப் பதிலாக இச்சட்டத்தின் பயனைத் தருமாறு வேண்டலாம். ஒரு மனுவில் அடங்கும் வேலை இது. மூன்றாவது, காலவரம்பு. அபராதம் மட்டுமே உள்ள குற்றத்தை ஆறு மாதத்துக்குள்ளும், ஓராண்டு வரை சிறையுள்ள குற்றத்தை ஓராண்டுக்குள்ளும் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க வேண்டும். பழைய தாள்களின் தேதியைப் பார்ப்பதற்குச் செலவேதும் இல்லை.

உதவி கிடைக்குமிடம்

1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் உள்ளது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், சிறுவர், தொழிற்சாலைத் தொழிலாளர், காவலில் உள்ளோர் ஆகியோருக்கு வருமானத்தைப் பாராமலே இலவச வழக்கறிஞர் கிடைக்க அதன் 12-ஆம் பிரிவு வழிசெய்கிறது. தங்கவயலில் பெரும்பாலான வீடுகள் இவ்வரையறைக்குள் வரும். இங்கு ஒரு நுட்பம் உண்டு. 1950-ஆம் ஆண்டின் ஆணைப்படி கிறிஸ்தவராக மாறிய ஆதிதிராவிடர் பட்டியல் சாதியினராகக் கருதப்படுவதில்லை. தங்கவயலில் அத்தகைய குடும்பங்கள் கணிசம். அவர்கள் வருமான வரம்பின் பேரிலோ, தொழிலாளர் என்ற முறையிலோ, காவலில் உள்ளவர் என்ற முறையிலோ விண்ணப்பிக்க வேண்டும். வட்டச் சட்டப்பணிகள் குழுவையோ கோலாரிலுள்ள மாவட்ட ஆணையத்தையோ நேரில் அணுகலாம். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். விண்ணப்பிப்பவர் சம்மன், முதல் தகவல் அறிக்கையின் நகல், சாதிச் சான்று அல்லது வருமானச் சான்று ஆகியவற்றைக் கொண்டுசெல்வது நலம். முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார் கொடுத்தவருக்குக் கட்டணமின்றி வழங்கப்படும். குற்றஞ்சாட்டப்பட்டவர் மாநிலக் காவல்துறையின் இணையதளத்திலோ நீதிமன்றத்திலோ பெறலாம்.

வெளிநாடு செல்லும் எண்ணமுள்ளோர் கடவுச்சீட்டைப் பற்றியும் கவலைப்படுகின்றனர். நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருப்பது 1967-ஆம் ஆண்டுச் சட்டப்படி மறுப்புக்கு ஒரு காரணமே. எனினும் அந்நீதிமன்றத்தின் அனுமதி பெற்றால், 1993 ஆகஸ்டு 25-ஆம் நாளிட்ட அறிவிக்கையின்படி குறுகிய காலக் கடவுச்சீட்டு பெறலாம். வழக்கு முடிந்ததும், விடுதலையாயினும் கண்டிப்பாயினும், தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பித்துப் பெற்று, குடும்ப அட்டையோடும் பள்ளிச் சான்றிதழோடும் வைத்துக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகள் கழித்து வேறொரு காவல் நிலையத்திலிருந்து நன்னடத்தை விசாரணைக்கு வருபவரின் கையில் வழக்கு எண் மட்டுமே இருக்கக்கூடும். அது எவ்வாறு முடிந்தது என்பதைக் காட்டும் தாள் வீட்டில் இருந்தால் விசாரணை அங்கேயே முடிந்துவிடும்.